உள்ளங்கை அகல வாவல் மீன்

ஆகஸ்ட் 15, 2024, வியாழன். சயான் கோலிவாடா, மும்பை

இரண்டு ராத்திரி ரயில். இறங்கும்போது கால் வீங்கிச் செருப்புக்குள் போகமாட்டேன் என்றது. தங்கச்சி வீட்டுக்கு நான் கடைசியாக வந்தது அவள் மகன் கல்யாணத்துக்கு. இப்போது அவன் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள், என்னைவிட நன்றாக மராத்தி பேசுகிறாள், தமிழில் என்னைத் திருத்துகிறாள்.

எங்கள் ஊர் முட்டத்திலிருந்து சுமந்து வந்தவை: இரண்டு லிட்டர் தேங்காய் எண்ணெய், ஏத்தங்காய் வறுவல், ஒரு கட்டு கருவாடு. இவ்வளவு தூரம் வந்த அக்காவுக்கு மீன்கறி இருக்கும் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தட்டில் விழுந்தது கத்தரிக்காய் சாம்பார்.

"சாவண மாசம்கா. இந்தத் தளத்துல முக்காவாசி வீடு இப்ப மரக்கறிதான். நாம மீன் பொரிச்சா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கதவை மட்டும் சாத்திக்குவாங்க."

அந்தக் கதவுச் சத்தம் திட்டைவிட மோசம் என்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு தளத்தில் பன்னிரண்டு கதவு.

நான் போன வருஷம் ஓய்வுபெற்ற அறிவியல் டீச்சர். வயது 61. எங்கள் மீன்பிடித் தடைக்காலமும் 61 நாள் என்பதால் வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்திருக்க வேண்டும், தெரிந்துகொள்ளாமலே ஓய்வுபெற்றுவிட்டேன். அந்தத் தடையில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. குமரியின் கிழக்குப் பக்கம், சின்னமுட்டத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கும். மேற்குப் பக்கம் குளச்சல், முட்டத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு காலண்டர். முனையைச் சுற்றி நீந்தும் மீன் எந்த ஊர்க் காலண்டரைப் பார்க்கும் என்று ஒரு பையன் கேட்டான். இருபது வருஷமாகியும் அவனுக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

மும்பைக்கும் எங்கள் மேற்குக் கரைக் காலண்டர்தான். கடல் திறந்து பதினைந்து நாள் ஆகிறது. தங்கச்சி மகன் சசூன் டாக் மீன் துறைமுகத்தில் ஐஸ் கணக்குப் பார்க்கிறான். "சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன் பெரியம்மா, காலைல மூணரைக்கு எந்திரிக்கணும்" என்றான். இரண்டு நாள் தூங்காத உடம்பு உடனே தலையாட்டியது. அதற்கு என்ன தெரியும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி. சந்தை

மழையை எதிர்பார்த்துக் குடையோடு வந்தேன். தூறல்கூட ஒழுங்காக இல்லை. வெயிலும் இல்லாமல் காற்றும் இல்லாமல் ஒரு புழுக்கம், முதுகில் ஈரத்துணியைப் போர்த்தியது போல.

பத்து மணிக்குச் சந்தை. மீன் விற்பவர்கள் எல்லாரும் கோலிப் பெண்கள், இந்தக் கரையின் மீனவச் சமூகம். பிடிப்பது ஆண், விற்பது பெண், காசு பெண் மடியில். எங்கள் ஊரிலும் அப்படித்தான், ஆனால் இவர்கள் கழுத்தில் கிடக்கும் தங்கம் எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்குத்தான் வெளியே வரும். ஒரு அம்மா என்னைப் பார்த்ததும், "வா அக்கா, தாஜா இருக்கு, வா" என்றார். தாராவிக்கும் சயானுக்கும் நடுவே முப்பது வருஷம் மீன் விற்றால் தமிழ் ஒட்டிக்கொள்ளாதா.

இங்கே எடைபோட்டும் விற்கிறார்கள், கூறு கட்டியும் விற்கிறார்கள். கூறுக்கு வாட்டா என்று பெயர். பெரிய பாப்லெட், அதாவது நம் வெள்ளை வாவல், கிலோ 1,400. சாவண மாதத்தில் இது மலிவாம்! சுர்மாய் 900. சுர்மாய் என்றால் வஞ்சிரம், எங்களுக்கு நெய்மீன். பாங்டா என்பது அயிலை, சிலருக்குக் கானாங்கெளுத்தி. பொம்பில் என்பது வங்கராவாசி, ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் தமிழர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கையில் எடுத்தால் வழுக்கி விழும், ஜெல்லி மாதிரி, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே செத்திருக்கும் மீன்.

ஓரத்தில் ஒரு வாட்டா இருந்தது. எட்டு வாவல், எல்லாம் என் உள்ளங்கை அகலம். 300 ரூபாய் என்று ஆரம்பித்து 240-க்கு வந்தது.

வாங்கினேன்.

இதை எழுதாமலும் விட்டிருக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம், ஒருமுறையாவது முட்டையிடாத மீனைப் பிடிக்கக் கூடாது என்று கரும்பலகையில் படம் போட்டவள் நான். வீட்டுக்கு வந்து பேத்தியின் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து அளந்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 12 சென்டிமீட்டர். ஒன்றைக் கீறிப் பார்த்தேன், சினைக்கான அறிகுறியே இல்லை. குழந்தை.

மகாராஷ்டிர அரசு பாப்லெட்டை மாநில மீன் என்று அறிவித்தது 2023 செப்டம்பரில். அதே வருஷம்தான் 54 வகை மீன்களுக்கு, இந்த நீளத்துக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். அதில் பாப்லெட்டும் உண்டு, என் தொட்டியில் கிடந்தவை வரம்புக்குக் கீழே. இந்தியாவில் இதை முதலில் செய்தது கேரளம், 2015-ல் 14 வகைக்கு ஆரம்பித்துப் பிறகு 58 ஆக்கினார்கள். எல்லை தாண்டினால் கேரளம் என்பதால் எங்கள் பக்கம் சிறுவனுக்கும் அந்த எண்கள் தெரியும்: சாளை, மத்தி என்பார்களே, அது 10 சென்டிமீட்டர், அயிலை 14.

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "எதுக்குக்கா மீனுக்குத் தையல் அளவு எடுக்க?"

சொன்னேன்.

"நீ வாங்கல்லேன்னா அது திரும்பவும் கடலுக்கா போவும்?" என்றாள். மிளகாய் அரைத்துப் பொரித்தாள். கதவைச் சாத்தினோம், எங்கள் கதவை நாங்களே. மீன் ருசியாகத்தான் இருந்தது, முள்ளெல்லாம் மெத்தென்று.

ஆகஸ்ட் 17, சனி. சசூன் டாக்

மூன்றரைக்கு எழுப்பினான். நாலு மணிக்குக் காலிபீலி டாக்சி, 380 ரூபாய். டிரைவர் பிகார்காரர், வழி முழுக்க என் முழங்கால் வலிக்கு மருந்து சொல்லிக்கொண்டே வந்தார். எருக்கிலையைச் சூடுகாட்டிக் கட்ட வேண்டுமாம். என் பாட்டியும் அதைத்தான் சொன்னாள்.

கொலாபாவில் இறங்கி வாசலைத் தாண்டியதும் முதலில் வாசம் வரவில்லை, சத்தம் வந்தது. "பாஜூ! பாஜூ!" தலையில் கூடை, கைவண்டியில் பெட்டி, வழி விடாவிட்டால் ஐஸ் தண்ணீர் உங்கள் மேல். 1875-ல் பருத்தி வியாபாரத்துக்குக் கட்டிய துறையாம், சசூன் குடும்பம் கட்டியது. இப்போது பருத்தியின் பஞ்சுகூட இல்லை. படகுகள் ஒன்றோடொன்று முதுகு உரசி நிற்கின்றன. கூடை படகிலிருந்து படகுக்குக் கை மாறிக் கரைக்கு வருகிறது.

முதல் பத்து நிமிடத்தில் இரண்டு விபத்து. போனை எடுத்தேன், ஒருவர் எங்கிருந்தோ கத்திக்கொண்டு வந்தார், படம் எடுக்கக் கூடாதாம். பதறிப் பின்வாங்கியதில் இடது செருப்பு மீன் சேற்றில் மாட்டி அறுந்தது. ஒரு பெண் என்னைப் பிடித்து நிறுத்தி, தன் பிளாஸ்டிக் பையிலிருந்து ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, என் நன்றியைக் கேட்காமலே போய்விட்டார். திரும்பும்போது தேடினேன், கிடைக்கவில்லை. இறால் உரிக்கும் கொட்டகையில் நூறு பெண்கள், எல்லாரும் ஒரே மாதிரி குனிந்திருந்தார்கள்.

ஏலத்தில் எனக்குப் புரிந்தது விரல்கள் மட்டும். மீன்தான் என்னை நிறுத்தியது. ஒரு டிராலரின், அதாவது வலையை இழுத்துக்கொண்டே போகும் விசைப்படகின், கூடையைக் கொட்டினார்கள். எண்ணினேன், டீச்சர் புத்தி. மந்தேலி, ராணி, கணவாய், வாளை, நண்டு, நாலு வகை இறால், பொம்பில், கெளுத்தி, பெயர் தெரியாதவை. இருபத்தேழு வரை எண்ணியபோது வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அடியில் கிடந்த விரல் நீளப் பொடியைத் தனியாக மண்வாரியால் ஒதுக்கினார்கள். நம்மூரில் சங்காயம் என்போம். மீன்தூள் ஆலைக்குப் போகும், அங்கிருந்து கோழித் தீவனத்துக்கு. அந்தக் குவியலில் குனிந்து பார்த்தேன். பாதிக்கு மேல் பொடி மீன் இல்லை, பெரிய மீன்களின் பொடிசுகள். பேத்தியின் ஸ்கேல் பையில் இருந்தது. எடுக்க வெட்கமாக இருந்தது.

ஸ்கேல் எடுக்க வெட்கப்படாதவர் ஒருவர் இருந்தார். இளைஞர், தோளில் பை, கையில் குறிப்பேடு, அளவுப் பலகை. கொச்சியில் இருக்கிறதே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், அதன் ஆள் என்றான் தங்கச்சி மகன். அது 1947-ல் ஆரம்பித்தது, பல வருஷம் நம் மண்டபத்தில் இருந்துவிட்டு 1971-ல்தான் கொச்சிக்குப் போனது. மண்டபத்துக்கு நான் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன், பஸ்ஸில் எட்டுப் பேர் வாந்தி. எல்லாப் படகையும் எண்ண முடியாது. எனவே குலுக்கலில் விழுந்த நாள், குலுக்கலில் விழுந்த படகு, அதில் இருப்பதை அளந்து மொத்தத்துக்குப் பெருக்குவார்கள். இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் டன் கடல்மீன் இறங்குகிறது என்று பேப்பரில் படிக்கிறோமே, அது இப்படி நாலரை மணிக்கு நனைந்த காலோடு நிற்பவர்களின் கணக்கு. அவர் யாரையும் தடுக்கவில்லை, தடுப்பது அவர் வேலையுமில்லை. ஒரு பொடி வாவலைப் பலகையில் வைத்தார், எண்ணை எழுதினார், திரும்பக் கூடையில் போட்டார்.

ஏழு மணிக்கு இரானி கடை. பன் மஸ்கா 50, சாய் 25. அங்கேதான் எங்களுக்குள் சண்டை.

"வெளிநாட்டுல இருக்க மாதிரி, இந்த வருஷம் இத்தன டன்னு ஒரு வரம்பு வச்சா முடிஞ்சுது பெரியம்மா. அதுக்கு மேல பிடிச்சா படகைப் பிடி."

பாடத்தில் சுலபம்தான். யாருமே பிடிக்காமல் விட்டால் கடலில் எவ்வளவு மீன் சேருமோ, அதில் ஏறத்தாழப் பாதி இருக்கும்போதுதான் கூட்டம் வேகமாகப் பெருகும். இரையும் இடமும் தாராளம். அப்போது வருஷத்தில் பெருகுவதை மட்டும் எடுத்துக்கொண்டால் கூட்டம் குறையாது. ஐஸ்லாந்தில் 1984-லிருந்தே காட் மீனைப் படகுவாரியாகப் பங்கு பிரித்தார்கள், நியூசிலாந்தில் 1986-லிருந்து. ஐஸ்லாந்தில் இறங்கும் மீன் துறைமுகத் தராசில் ஏறித்தான் வெளியே போகும்.

"அவங்க கூடையில ஒண்ணோ ரெண்டோ வகை மீனு. இப்ப நான் இருபத்தேழு எண்ணினேன். வாவலுக்கு வச்ச வரம்பு அக்டோபர்ல முடிஞ்சு போச்சுன்னு வையி. பொம்பிலுக்கு முடியல்ல. வலைபோட்டா ரெண்டும்தான் வரும். வாவலை என்ன செய்வான்?"

"கடல்லயே வீசுவான்."

"செத்ததை."

அவன் பன்னைச் சாயில் முக்கினான். இன்னொன்றையும் சொன்னேன். பங்கை விற்கலாம் வாங்கலாம் என்று விட்டால், பணம் இருப்பவன் வாங்கிச் சேர்ப்பான். ஐஸ்லாந்தின் சின்னக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் படகு நிற்கிறது, பிடிக்கும் உரிமை வேறு ஊர்க் கம்பெனியிடம். எங்கள் ஊரில் இதைக் கொண்டுவந்தால் பத்தே வருஷத்தில் எல்லா வள்ளத்தின் பங்கும் எந்த மூன்று வீட்டுக்குள் போகும் என்று எனக்கு வீட்டு நம்பரோடு தெரியும்.

அதனால்தான் நம் பக்கம் டன்னை எண்ணாமல் நாளை எண்ணுகிறோம், வலைக் கண்ணியை அளக்கிறோம். டிரால் வலையின் கடைசிப் பையில் 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி இருக்க வேண்டும் என்பது விதி. ஏன் சதுரம்? வழக்கமான சாய்சதுரக் கண்ணி இழுபடும்போது நெருக்கி வாயை மூடிக்கொள்ளும், குஞ்சு வெளியேற வழியில்லை. சதுரம் திறந்தே இருக்கும். நல்ல யோசனைதான். காலையில் நான் பார்த்த சங்காயம் எந்தக் கண்ணி வழியாகத் தப்பாமல் வந்தது என்று அவனைக் கேட்டேன்.

"உள்ளுக்குள்ள இன்னொரு வலை தைச்சிருப்பாங்க பெரியம்மா," என்றான், ரொம்ப மெதுவாக, பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டே.

திரும்பும் வழியில் பேச்சை மாற்ற அவன் சொன்ன கதை: 2021 ஆகஸ்டில் பால்கர் பக்கத்து மீனவர் ஒருவர் வலையில் 157 கோல் மீன் ஒரே தடவை விழுந்தது, 1 கோடியே 33 லட்சத்துக்கு ஏலம் போனது. கோல் என்பது நம் கூறல். சதைக்கு அல்ல விலை, வயிற்றுக்குள் இருக்கும் நெட்டி என்ற காற்றுப்பைக்கு, ஹாங்காங்குக்கும் சீனாவுக்கும் போகிறது. லாட்டரிச் சீட்டு இருக்கும் கடலில் யாரிடம் போய், இன்றைக்கு வலை போடாதே என்பது?

பகல் முழுக்கத் தூங்கினேன். தலைமுடியில் இன்னும் மீன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. பாந்திரா

பேண்ட்ஸ்டாண்டில் நடிகர் வீட்டு வாசலில் காலை எட்டு மணிக்கே கூட்டம், தங்கச்சியும் பேத்தியும் அங்கே நின்றுவிட்டார்கள். நான் பாறைப் பக்கம் இறங்கினேன். நாளை பௌர்ணமி, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தூண்டில்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பாறைக்கு ஒருவராக.

அதில் ஒருவர் போனில், "இல்லடி, பதினோரு மணிக்குள்ள வந்துடறேன், நீ ரசம் வெச்சுடு" என்றார். பக்கத்துப் பாறையில் உட்காராமல் இருக்க முடியுமா?

மாட்டுங்காக்காரர். ஐம்பது வயது இருக்கும். சுத்த சைவம். மீன் பிடிப்பார், தின்னமாட்டார், விட்டுவிடுவார். "பாவம் இல்லையா?" என்றேன். "தின்னா பாவம், விட்டா புண்ணியம், பிடிச்சதுக்கு அது கழிஞ்சுடும்" என்று ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கைத் தன் அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லையாம். தூண்டிலை வீட்டில் வைப்பதில்லை, காரிலேயே இருக்கிறது.

ஆறு வருஷம் அமெரிக்காவில், பிளாரிடாவில் டாம்பா பக்கம் வேலை. பழகியது அங்கே. உரிமச் சீட்டு வாங்காமல் கம்பைத் தொட முடியாது. ஸ்னூக் என்று ஒரு மீன், நம் கொடுவாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வையுங்கள். அந்தக் கரையில் ஒருவர் ஒரு நாளைக்கு ஒன்றுதான் எடுக்கலாம். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 33-ஐத் தாண்டவும் கூடாது.

"பெரிசை ஏன் விடணும்னு எனக்கு ரொம்ப நாள் புரியலை மாமி."

எனக்குப் புரிந்தது, அது என் பாடம். கொடுவா பிறந்து வளரும்போது ஆண், சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும். ஸ்னூக்கும் அப்படியே. குறைந்தபட்ச நீளம் மட்டும் வைத்துவிட்டு, அதற்கு மேல் உள்ளதையெல்லாம் வாரினால் கடலில் மிஞ்சுவது வெறும் ஆண்பிள்ளைக் கூட்டம். பெரியது எல்லாம் தாய். அவர் தூண்டிலை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரை போய்விட்டது.

அவர் சொன்ன இன்னொரு கதை எனக்குப் புதிது. மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் என்ற செப்பிலி ஜாதி மீன். வருஷத்துக்கு இவ்வளவு என்று மொத்த வரம்பு, அதில் 51 சதவீதம் தொழில்காரர்களுக்கு, 49 சதவீதம் பொழுதுபோக்குக்காரர்களுக்கு. தொழில்காரர்களுக்கு 2007-லிருந்து ஆளுக்கு ஆள் பங்கு, வருஷம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஒவ்வொரு பவுண்டும் பதிவு. பொழுதுபோக்குக்காரர்களை அப்படி எண்ண முடியாது, லட்சக்கணக்கான ஆள், ஆளுக்கு ஒரு படகு. அவர் இருந்தபோது ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீன், 16 அங்குலத்துக்குக் குறையாமல். அப்படியும் மீறியது. எனவே நாளைக் குறைத்தார்கள். 2017-ல் சொந்தப் படகுக்காரர்களுக்கு ஆழ்கடலில் முதலில் அறிவித்தது மூன்றே நாள்.

"மூணு நாள் மாமி! ஆபீஸ்ல எல்லாரும் லீவு. அப்புறம் சத்தம் போட்டு இன்னும் 39 நாள் வாங்கினா."

வேடிக்கை என்னவென்றால் மீன் குறைந்ததால் அல்ல, தேறியதால்தான் நாள் குறைந்தது. மீன் பெருத்து, எளிதாகக் கிடைத்து, வரம்பு சீக்கிரம் நிரம்பிவிட்டது. விட்டுவிடும் மீனும் கணக்கில் வருகிறது. ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்தால் உள்ளே காற்றுப்பை வீங்கி, விட்டாலும் மிதந்து செத்துப்போகும். அதனால் மீனைத் திரும்ப ஆழத்தில் இறக்கி விடும் கருவியோ, காற்றை வெளியேற்றும் ஊசியோ படகில் தயாராக இருக்க வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது.

"அப்ப உங்க புண்ணியக் கணக்கு?" என்றேன்.

"இங்க ஆழம் இல்லை மாமி, முழங்கால் தண்ணி" என்று அவசரமாகச் சொன்னார்.

இங்கே ஆறு வருஷமாக வருகிறார், என்ன பிடித்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லையாம். அவருக்கு அன்று ஒரு கெளுத்தி விழுந்தது, முள் குத்தாமல் இடுக்கியால் கழற்றி விட்டார். அடுத்த பாறையில் ஒரு பையனுக்குச் சின்னக் கொடுவா. இங்கே ஜிதாடா என்கிறார்கள், பெரியது கிடைத்தால் பாப்லெட்டை விட மவுசு. அந்தப் பையனிடம் ஸ்கேலை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வைத்துப் பார்த்தான், 21 சென்டிமீட்டர். "அம்மாவுக்கு" என்று ஹிந்தியில் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டான். அவனோடு எப்படிச் சண்டை போடுவது? எட்டு வாவல் தின்று இரண்டு நாள்கூட ஆகவில்லை.

வடாபாவ் 20 ரூபாய். பச்சை மிளகாய் உயிரை எடுத்தது.

ஆகஸ்ட் 19, திங்கள். வர்ளி

நாரளி பௌர்ணிமா. கோலிகள் கடலுக்குத் தேங்காய் கொடுக்கும் நாள். வர்ளி கோலிவாடாவில் தங்கச்சிக்குத் தெரிந்த வீடு, ஒருகாலத்தில் சேர்ந்து இறால் உரித்த சிநேகிதி. போனதும் நாரளி பாத் கொடுத்தார்கள், வெல்லமும் தேங்காயும் போட்ட சோறு, ஏலக்காய் தூக்கலாக. எங்கள் ஊர்க் கொழுக்கட்டைப் பூரணத்தைச் சோற்றில் கலந்த மாதிரி. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

தெருவெல்லாம் பச்சைச் சேலை, தலையில் பூ, பேண்டு வாத்தியம், பொன் தாள் சுற்றிய ஒரு பெரிய தேங்காய். படகுகளுக்குக் கொடி. எங்கள் ஊரில் பங்குச் சாமியார் வந்து படகைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், இங்கே தேங்காய். கடல் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. சாவணத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டேன். இங்கே ஒரு கதவும் சாத்தியிருக்கவில்லை.

அந்த வீட்டுப் பெரியவர், எழுபது வயது, திண்ணையில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார். தங்கச்சி மொழிபெயர்த்தாள், பாதியை விழுங்கி. கடற்கரைச் சாலைப் பாலத்தின் தூணுக்கும் தூணுக்கும் நடுவே 60 மீட்டர் விட்டார்களாம், படகு மோதும் என்று போராடி ஒரு இடைவெளியை 120 ஆக்கவைத்தது பற்றித்தான் முதல் அரை மணி நேரம். பிறகு நானே தடைக்காலத்தைக் கேட்டேன்.

முன்பெல்லாம் ஆகஸ்ட் 15 அல்லது இந்தப் பௌர்ணமி, எது முதலில் வருமோ அதுவரை படகு கட்டிக் கிடக்குமாம். இப்போது ஆகஸ்ட் 1-லேயே திறக்கிறது. "இந்தப் பதினஞ்சு நாள்தான் பாப்லெட் குஞ்சு கரையோரம் கிடக்கும். இன்னும் பதினஞ்சு நாள் விட்டா கை அகலம் முழங்கை அகலம் ஆவும். ஆவறதுக்குள்ள வாரிட்டாங்க." கடலைக் காட்டித் திட்டினார், பெரிய டிராலர்காரனை, பர்ஸ்சீன்காரனை. பர்ஸ்சீன் என்றால் நம் சுருக்குமடி, மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் வலை. தமிழ்நாட்டில் அதற்கு 2000-லிருந்து தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் என்று வழி விட்டது. அதைச் சொன்னேன். "ரெண்டு நாள்னா ரெண்டு நாளா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் மகன் ஈரத்தலையோடு உள்ளேயிருந்து வந்தான். இவர்கள் வீட்டுப் படகு எப்போது இறங்கியது என்று கேட்டேன். தங்கச்சி மொழிபெயர்க்கத் தயங்கினாள். அவனுக்கே தமிழ் புரிந்துவிட்டது.

"ஒண்ணாம் தேதி," என்றான். "நாங்க நின்னா அவன் நிக்கணும் இல்ல?"

பெரியவர் பாக்கு வெட்டினார்.

மகனுக்கு இன்னொரு வாதமும் இருந்தது. போகிற இடத்தில் வலை நிறைகிறதே, பிறகு எப்படிக் குறைந்தது என்கிறீர்கள்? இதே வாதம்தான் கனடாவின் நியூபவுண்ட்லாந்தைக் கெடுத்தது. காட் மீன் குறையக் குறையச் சிதறவில்லை, மிச்சமிருந்தது ஓரிடத்தில் திரண்டு நின்றது. டிராலர் அங்கே போனது, வலை நிறைந்தது, அந்த நிறைந்த வலையை நம்பிய கணக்கில் கடலில் இன்னும் நிறைய இருப்பதாகத் தெரிந்தது. 1992 ஜூலை 2-ல் மொத்தமாக மூடினார்கள், முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. மீனுக்குத் திரும்பி வர அவசரம் இருக்கவில்லை. இதே 2024-ல்தான், 32 வருஷம் கழித்து, அந்தத் தடையை எடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் சாளை போதாதா? கேரளத்தில் 2012-ல் 4 லட்சம் டன்னை ஒட்டி இறங்கியது, 2021-ல் 3,297 டன். கடல் சூடும் காரணம், நீரோட்டமும் காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டும் கெட்டிருக்கும் வருஷத்தில் குஞ்சையும் வாரினால்?

இதையெல்லாம் தங்கச்சி மராத்தியில் சொன்னாளா என்று தெரியாது. அவள் சொன்னது ரொம்பக் குறைவாக இருந்தது. பேண்டு வாத்தியம் நெருங்கியதும் எல்லாரும் எழுந்தோம். பெரியவர் என் கையிலும் ஒரு தேங்காயைக் கொடுத்தார். கரையிலிருந்து வீசினேன், பத்தடிகூடப் போகவில்லை. அலை அதைத் திருப்பிக்கொண்டு வந்து காலடியில் போட்டது. ஒரு சிறுவன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அதற்கென்றே காத்திருக்கும் சிறுவர்கள் இருக்கிறார்களாம், சாயந்திரம் வீட்டுக்கு வீடு பர்ஃபி.

ஆகஸ்ட் 22, வியாழன். முட்டம்

திரும்பும் ரயிலில் தங்கச்சி கட்டிக்கொடுத்த பொம்பில் கருவாடு, நாலு பிளாஸ்டிக் உறைக்குள். சோலாப்பூர் தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக்காரர் மூக்கைத் துடைத்தார். ரொம்ப மரியாதையாக, "அம்மா, ஏதாவது கெட்டுப்போயிருக்கா?" என்று விசாரித்தார். பையைக் கதவுப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, யாராவது எடுத்துவிடுவார்களோ என்று ராத்திரியெல்லாம் நானும் அங்கேயே நின்றேன். முழங்காலுக்கு எருக்கிலை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

காலையில் தங்கச்சி போன் செய்தாள். பேத்தியின் ஸ்கேல் என் பையோடு வந்துவிட்டது. கணக்கு வகுப்பில் அவளை வெளியே நிறுத்திவிட்டார்களாம். ஸ்கேல் எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "பெரிய பாட்டி மீன் அளக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் நம்பவில்லை.

ஸ்கேல் 10 ரூபாய். கூரியருக்கு 90 கேட்கிறான்.

சாயந்திரம் கரையில் சாளை வந்திருந்தது. கிலோ 120.

"அளந்து பாக்கணுமா டீச்சர்?" என்றாள் மீன்காரி. செய்தி எனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்திருக்கிறது.

அளந்தேன். பதினொன்று, பதினொன்றரை, ஒன்பது, பதினொன்று.

"ஒம்பதை எடுத்துட்டுப் போடு" என்றேன். எடுத்தாள், பக்கத்துக் கூறில் போட்டாள்.